கல்யாணப் பத்திரிகைக் கடையில் மூன்று 403கள்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் வெப்சைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். கார்டு மாடல்களின் படங்கள், விலை, பத்திரிகையில் அடிக்க வேண்டிய மேட்டரை வாடிக்கையாளரே டைப் செய்து அனுப்ப ஒரு ஃபார்ம், கடை ஆட்கள் மட்டும் பார்க்கும் ஆர்டர் பக்கம், இவ்வளவுதான் அந்த சைட். ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதியது. முன்னால், கோரிக்கைகளை முதலில் வாங்கும் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ் நிற்கிறது. பழைய சர்வரில் இருந்தது உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டதால் 24.04 போட்ட புது சர்வருக்கு எல்லாவற்றையும் நகர்த்த வேண்டியிருந்தது. ஆடி மாதத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். ஆடியில் முகூர்த்தம் இல்லை; ஆவணிக்குப் பத்திரிகை அடிக்கிறவர்கள் பெருக்குக்கு அப்புறம்தான் கடை ஏறுவார்கள்.

நகர்த்தியதும் மூன்று இடங்களில் 403 வந்தது. ஸ்கிரீனில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரிந்தன: வெள்ளைப் பக்கம், நடுவில் ஃபர்பிடன். ஆனால் மறுத்தவர் மூன்றிலும் வேறு வேறு.

எச்டிடிபி விதிப்படி 403 என்றால், "நீ கேட்டது புரிந்தது, ஆனால் தர மாட்டேன்" என்று பொருள். 401 அப்படி இல்லை, "முதலில் நீ யார் என்று காட்டு" என்று கேட்கிறது. அதனால்தான் 401 அனுப்பும் சர்வர், எப்படி அடையாளம் காட்ட வேண்டும் என்பதையும் ஹெடரில் சேர்த்து அனுப்பியாக வேண்டும். 404 என்றால் பொருளே இல்லை. நடைமுறையில் இந்தக் கோடுகள் அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. ஒரு பொருள் இருப்பதையே காட்டிக்கொள்ள விரும்பாத சர்வர் 403க்குப் பதில் 404 சொல்லலாம், விதி அதை அனுமதிக்கிறது. அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3 இதைத் தலைகீழாகச் செய்யும்: பக்கெட்டை, அதாவது ஃபைல்கள் இருக்கும் தொகுப்பை, பட்டியலிட உங்களுக்கு அனுமதி இல்லையென்றால், இல்லாத ஃபைலைக் கேட்டாலும் 403தான் வரும். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்திருக்கும், நீங்கள் அனுமதிகளைப் பிய்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

அதனால் 403 வந்தால் நான் முதலில் தேடுவது மறுத்தது யார் என்பதை. முன்னால் சிடிஎன் (நம் சர்வருக்கும் வாசகருக்கும் இடையில் நின்று பக்கங்களைக் கொடுக்கும் சேவை) ஏதாவது இருந்தால் அது மறுத்திருக்கலாம். அப்படியானால் நம் சர்வரின் ஆக்சஸ் லாகில், அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவேட்டில், அந்தக் கோரிக்கைக்கு ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் கோரிக்கை நம்மிடம் வரவேயில்லை. பெரிய நிறுவனங்களின் சைட்களில் "ஆக்சஸ் டினைட்" என்று தலைப்புப் போட்டு, கீழே ஒரு நீண்ட ரெஃபரன்ஸ் எண்ணோடு வரும் பக்கம் பெரும்பாலும் இந்த ரகம்தான். வரி இருந்தால் என்ஜின்எக்ஸ், அதற்குள் உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு மாட்யூல், கீழே லினக்ஸ், பின்னால் ஜாங்கோ என்று நான்கு பேரில் ஒருவர். பக்கத்தின் முகத்தைப் பார்த்தே ஜாங்கோவைப் பிரித்துவிடலாம். அதன் 403 பெரும்பாலும் சிஎஸ்ஆர்எஃப் (வேறு சைட்டிலிருந்து போலியாக அனுப்பப்படும் கோரிக்கை) பற்றிப் புலம்பும், அடியில் என்ஜின்எக்ஸ் என்ற கையெழுத்து இருக்காது.

சரி, முதல் 403.

சைட் திறந்தது, எழுத்துகளும் வந்தன. ஆனால் வண்ணம் இல்லை, வடிவம் இல்லை, படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த சின்னங்கள். எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால், பக்கத்துக்கு 200. ஸ்டாட்டிக் ஃபோல்டரிலிருந்து வர வேண்டிய சிஎஸ்எஸ், படங்கள் அத்தனைக்கும் 403. பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிடுகிறது. பக்கத்தைத் தயாரிப்பது ஜாங்கோ. அது 'டிப்ளாய்' என்ற யூசரின் பெயரில் ஓடுகிறது. படங்களை டிஸ்கிலிருந்து நேராக எடுத்துக் கொடுப்பது என்ஜின்எக்ஸ். உபுண்டுவில் அதன் வேலையாட்கள் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற வேறொரு யூசரின் பெயரில் ஓடுகிறார்கள். எழுதவும் படிக்கவும் சலிப்பு தரும் பெயர், இனி வெப் யூசர் என்றே சொல்கிறேன். டிப்ளாயால் படிக்க முடிந்ததை வெப் யூசரால் படிக்க முடியவில்லை.

எரர் லாகும் அதையே சொன்னது: இன்ன ஃபைலைத் திறக்கப் பார்த்தேன், தோற்றேன், "13: பர்மிஷன் டினைட்". இந்த 13, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பிழை எண். என்ஜின்எக்ஸ் கொடுக்கத் தயார்தான், கெர்னல் விடவில்லை. இதுவே என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் எழுதிய தடையாக இருந்தால் "ஆக்சஸ் ஃபர்பிடன் பை ரூல்" என்று லாகில் விழும். ஃபோல்டரின் முகவரியைக் கேட்டு, உள்ளே இன்டெக்ஸ் ஃபைல் இல்லாமல், பட்டியல் காட்டவும் அனுமதி இல்லாமல் போனால் "டைரக்டரி இன்டெக்ஸ் ஆஃப் (இன்ன ஃபோல்டர்) இஸ் ஃபர்பிடன்". ஸ்கிரீனில் ஒரே 403 ஆகத் தெரிவது லாகில் மூன்று வேறு வாக்கியங்களாகப் பிரிந்து கிடக்கிறது. லாகைத் திறக்காமல் 403 சரிசெய்யக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மறைக்க மாட்டேன்.

அந்த ஃபைல்களின் அனுமதி எண்ணைப் பார்த்தால் எல்லாம் 644. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஃபோல்டர் 755. அதுவும் சரி. இந்தக் கட்டத்தில்தான் பலர் 777 போட்டுவிடுகிறார்கள். யூடியூபில் பாதிப் பேர் சொல்லித்தருவதும் அதுதான். இங்கே அந்த ஃபோல்டருக்கு 777 போட்டிருந்தாலும் படம் வந்திருக்காது. சர்வரில் இருக்கும் எவரும் எழுதலாம் என்ற ஓட்டை மட்டும் மிச்சமாகியிருக்கும்.

காரணம், லினக்ஸ் கடைசி ஃபைலை மட்டும் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் ஃபோல்டரில் தொடங்கி வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். ஃபைலுக்கு எக்ஸ் என்றால் இயக்கலாம். ஃபோல்டருக்கு எக்ஸ் என்றால் அதைக் கடந்து உள்ளே போகலாம். ஃபோல்டரின் ஆர், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்ப்பதற்கு. இரண்டும் தனித்தனி. ஃப்ளாட் கதவு திறந்தே கிடந்தாலும் கீழே கேட்டில் வாட்ச்மேன் விடாவிட்டால் மேலே போக முடியாது அல்லவா, அந்தக் கதை.

எந்தக் கேட் என்று கண்டுபிடிக்க நேம்ஐ என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. மைனஸ் எல் சேர்த்து ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தால், ரூட்டிலிருந்து ஃபைல் வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் உரிமையாளரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். அந்தப் பட்டியலில் டிப்ளாயின் ஹோம் ஃபோல்டர் 750 என்று நின்றது. உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் கடக்கவும், மற்றவர்களுக்குப் பூஜ்யம். வெப் யூசர் அந்த "மற்றவர்கள்" கணக்கில்தான் வருகிறார்.

பழைய சர்வரில் இதே அமைப்பு ஓடியதே? ஓடியது. உபுண்டு 20.04 வரை ஹோம் ஃபோல்டர் 755 ஆக உருவாகும். 21.04இலிருந்து இயல்பே 750 ஆகிவிட்டது. ஏற்கெனவே இருக்கும் ஹோம் ஃபோல்டரை அப்கிரேடு மாற்றுவதில்லை. புதிதாக உருவாகும் யூசருக்குத்தான் இது. எனவே, இருந்த இடத்திலேயே அப்கிரேடு செய்தவர்களுக்கு வராத தொல்லை, எங்களைப் போலப் புது சர்வரில் யூசர் உருவாக்கி ஃபைல்களைக் கொண்டுவந்தவர்களுக்கு வரும். கான்ஃபிக் ஒரு எழுத்து மாறாமல் இருக்கும், ஆனால் ஓடாது. மனிதனைக் குழப்ப இதைவிட நல்ல வழி கிடையாது.

சரிசெய்யச் சில வழிகள் உண்டு. ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களுக்கு எக்ஸ் மட்டும் கொடுத்து 751 ஆக்கலாம். வெப் யூசரை டிப்ளாயின் குழுவில் சேர்க்கலாம். ஆனால் குழுவுக்குத் திறந்திருப்பதெல்லாம் அவருக்கும் திறந்துவிடும், எனக்கு அது பிடிக்காது. செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் அந்த ஒரு யூசருக்கு மட்டும் எக்ஸ் தரலாம், இது சுத்தமானது. நான் இவற்றில் எதையும் செய்யாமல் ஸ்டாட்டிக் ஃபைல்களையும் படங்களையும் ஹோமை விட்டே வெளியே எடுத்து /எஸ்ஆர்வி-க்குக் கீழே ஒரு ஃபோல்டரில் வைத்தேன். ஹோமில் எஸ்எஸ்எச் சாவி இருக்கிறது, டேட்டாபேஸ் கடவுச்சொல் உள்ள என்வி ஃபைல் இருக்கிறது. ஊருக்கே காட்ட வேண்டிய கார்டு படமும் அதே கூரைக்குக் கீழே இருக்க வேண்டிய அவசியம் என்ன? ஜாங்கோவின் ஸ்டாட்டிக் ரூட்டை மாற்றி, ஸ்டாட்டிக் ஃபைல்களை ஓரிடத்தில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையை ஓட்டி, என்ஜின்எக்ஸில் பாதையைத் திருத்தினேன். அப்புறம் சூடோ வழியாக வெப் யூசராகவே மாறி ஒரு படத்தைப் படித்துப் பார்த்தேன். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராகச் சோதித்தால் பயனில்லை, ரூட்டுக்கு எந்தக் கேட்டும் கேட் இல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். ரெட் ஹாட் குடும்பத்து சர்வர்களில், ராக்கி, ஆல்மா போன்றவற்றில், இதே "13" வரும், நேம்ஐ பட்டியலில் எல்லாம் சரியாகவே இருக்கும். அங்கே எஸ்இலினக்ஸ் என்று இன்னொரு காவல் உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், வெப் சர்வர் தனக்குரிய லேபிளை மட்டுமே தொடலாம். ஹோமில் வைத்திருந்த ஃபைலை எம்வி போட்டு நகர்த்தினால் ஹோம் லேபிளும் கூடவே போகும். சிபி போட்டு நகல் எடுத்தால் போய்ச்சேரும் ஃபோல்டரின் லேபிள் ஒட்டும். எல்எஸ்-இல் கேபிடல் இசட் சேர்த்தால் லேபிள் தெரியும், ரெஸ்டோர்கான் சரிசெய்யும். பலரும் எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். லேபிளை மாற்றுவது ஒரு வரி வேலை என்று தெரிந்தால் அணைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது 403 ஆர்டர் பக்கத்தில் வந்தது. கடையின் ஸ்டாட்டிக் ஐபிக்கு மட்டும் அலவ், மற்ற எல்லோருக்கும் டினை என்று என்ஜின்எக்ஸில் எழுதியிருந்தது. டிடிபி பார்க்கும் அக்கா கடையிலிருந்தே திறந்தும் ஃபர்பிடன் வந்தது. ரீலோட் செய்தால் எப்போதாவது திறந்தது. லாகில் "ஆக்சஸ் ஃபர்பிடன் பை ரூல்" என்ற வரி, அதில் கிளையன்ட் என்ற இடத்தில் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான முகவரி. பார்த்ததும் புரிந்துவிட்டது. பழைய சர்வருக்கு ஐபிவி6 என்ற புது வகை நீள முகவரி இல்லை, புதியதற்கு உண்டு, சைட் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிலும் அது ஏறிவிட்டது. கடையின் பிராட்பேண்டும் ஐபிவி6 தருகிறது. இரண்டு பக்கமும் இருந்தால் பிரவுசர் பெரும்பாலும் ஐபிவி6 வழியைத்தான் எடுக்கும்; அது தாமதித்தால் பழைய வழிக்குத் தாவும். எப்போதாவது திறந்ததற்கு அதுதான் காரணம். அலவ் வரியில் இருந்தது ஐபிவி4 எண் மட்டும்.

கடையின் ஐபிவி6 முகவரிகளுக்குப் பொதுவான முன்னொட்டைச் சேர்த்திருக்கலாம். அது மாறாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் சாட்டிஸ்ஃபை எனி என்ற வரியைப் போட்டு, கூடவே கடவுச்சொல் வைத்தேன்: கடையின் ஐபிவி4இலிருந்து வந்தால் நேராக உள்ளே, வேறு எங்கிருந்து வந்தாலும் கடவுச்சொல் கேட்கும். இப்போது அங்கே 403க்குப் பதில் 401 வருகிறது. அண்ணாச்சிக்கு இதில் ஒரு லாபம், வீட்டிலிருந்து மொபைலிலும் ஆர்டர் பார்க்கிறார்.

மூன்றாவதுதான் ருசியானது. அக்கா போன் செய்தார்.

"தம்பி, மேட்டர் ஃபார்ம்ல இங்கிலீஷ்ல அடிச்சா போகுதுப்பா. தமிழ்ல அடிச்சா ஃபர்பிடன்னு வருது."

"எந்த எழுத்துக்கா? ஏதாவது குறிப்பிட்ட எழுத்தா?"

"எந்த எழுத்தும் இல்ல, எல்லா எழுத்தும்தான். பொண்ணு பேரைப் போட்டாலே வருது."

கல்யாணப் பத்திரிகைக் கடையில் தமிழ் மேட்டர் போகவில்லை என்றால் கடையே பூட்டின மாதிரிதான். கர்ல் கட்டளையால் ஃபார்முக்கு நேராக அனுப்பிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு சொல்: 200. அதே இடத்தில் 'அ' என்று ஒரே ஒரு எழுத்து: 403. வேறு எதையும் மாற்றவில்லை. ஜாங்கோவின் லாகில் இரண்டாவது கோரிக்கை வந்ததற்கான தடயமே இல்லை. எனவே மறுத்தவர் அதற்கு முன்னாலேயே நிற்கிறார்.

என்ஜின்எக்ஸ் எரர் லாகில், கோரிக்கைகளைச் சோதிக்கும் பாதுகாப்பு மாட்யூலான மாட்செக்யூரிட்டியின் பெயர் இருந்தது. சர்வர் தந்தவர்கள் தங்கள் டெம்ப்ளேட்டில் பாதுகாப்பு என்று அதையும் ஓவாஸ்ப் அமைப்பின் விதித் தொகுப்பான கோர் ரூல் செட்டையும் சேர்த்தே போட்டுக் கொடுத்திருந்தார்கள். லாக் வரி சொன்ன விதி எண் 949110. இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த விதி மொத்தக் கணக்குப் பார்ப்பது மட்டும்தான். மற்ற விதிகள் சந்தேகப்படும்போதெல்லாம் மதிப்பெண் ஏறும். கடுமையான விதி ஒன்று பட்டாலே 5. இயல்பான எல்லையும் 5. எல்லை தொட்டதும் 949110 கதவைச் சாத்தும். 949110ஐ நீக்கினால் மொத்தக் காவலும் போய்விடும். மதிப்பெண் ஏற்றியது யார் என்று ஆடிட் லாகில் மேலே தேடினால் 920272 கிடைத்தது.

920272 என்ன செய்கிறது? கோரிக்கையில் வரும் ஒவ்வொரு பைட்டின் மதிப்பும் 32 முதல் 126க்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது, நடுவில் உள்ள 37க்கு மட்டும் அனுமதி இல்லை. ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைவெளி, சாதாரணக் குறிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். தமிழ் அடங்காது. எழுத்துகளை பைட்களாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியீடும் மூன்று பைட். 'அ' என்பது 224, 174, 133. மூன்றுமே 126க்கு மேல். 'கி' என்றால் 'க'வுக்கு மூன்று, மேல்விலங்குக்கு மூன்று, ஆக ஆறு பைட், ஆறும் தப்பாது. ஒரு எழுத்துகூடப் பிழைக்க வழியில்லாத விதி அது.

அக்கா சொன்னதில் ஒரு திருத்தமும் தேவைப்பட்டது. ஆங்கிலமும் முழுதாகப் போகவில்லை. வரியை உடைக்க என்டர் தட்டினால் 13, 10 என்று இரண்டு பைட்கள் சேரும். அவையும் வரம்புக்கு வெளியே. பத்திரிகை மேட்டரை எவர் ஒரே வரியில் எழுதுவார்? விழுக்காட்டுக் குறியின் மதிப்பு 37, அதற்கும் இதே கதி. சோதனைக்கு ஒரு சொல் போட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் ஃபார்ம் வேலை செய்திருக்கிறது. தேடல் பெட்டியிலும் தமிழ் போட்டால் இதே 403.

விதியைக் குறை சொல்ல முடியாது. கோர் ரூல் செட்டில் பாரனோயா லெவல் என்று 1 முதல் 4 வரை படிகள் உண்டு. 920272 மூன்றாம் படியில்தான் விழிக்கும். இயல்பு 1. மேலே போகப் போக நல்ல கோரிக்கைகளும் மாட்டும், அவற்றுக்கு விலக்கு எழுதுவது உங்கள் வேலை என்று அதன் ஆவணமே சொல்கிறது. டெம்ப்ளேட்டில் யாரோ 3 வைத்திருந்தார்கள். எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்று நினைத்திருப்பார்கள். ஆங்கிலம் மட்டும் பேசும் ஒரு ஏபிஐக்கு (நிரல்கள் தங்களுக்குள் பேசும் வழி) அது பொருந்தலாம். தமிழில் ஃபார்ம் வைத்திருக்கும் எந்த சைட்டுக்கும் பொருந்தாது, இந்திக்கும் தெலுங்குக்கும் அப்படியே.

மாட்செக்யூரிட்டியையே அணைப்பது ஒரு நொடி வேலை. அதை நான் செய்யவில்லை. லாகில் பார்த்தால் என்வி ஃபைலையும் கிட் ஃபோல்டரையும் கேட்டு எங்கிருந்தெல்லாமோ பாட்கள் வந்து தட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் போகும் 403 நியாயமான 403, அது இருக்கட்டும். ரூல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் கண்டுபிடிக்க மட்டும், தடுக்காதே என்ற நிலையில் வைத்து, லெவலை 1க்கு இறக்கி, அக்காவிடம் பழைய ஆர்டர்களின் மேட்டர்களையே திரும்ப அடிக்கச் சொன்னேன். சுபமுகூர்த்தம், வரவேற்பு, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா, எல்லாம் என்டர் சகிதம். ஆடிட் லாகில் எந்த விதியும் அசையவில்லை. பிறகு எஞ்சினை மறுபடி தடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன்.

முதல் படியில் உள்ள விதிகளிலும் எதிர்காலத்தில் ஏதாவது ஒன்று தமிழைப் பிடிக்காதா? ரூல் செட் அப்டேட் ஆகும்போது நடக்கலாம். அதற்காக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஃபார்முக்குப் போகும் அதே வழியில், ஆனால் ஆர்டரைச் சேமிக்காத தனி முகவரிக்கு, இரண்டு வரித் தமிழ் மேட்டரையும் ஒரு விழுக்காட்டுக் குறியையும் மணிக்கொருமுறை அனுப்பும். 200 வராவிட்டால் எனக்கு மெயில். அது நேராக உண்மையான ஃபார்முக்கே போகட்டும் என்றுதான் முதலில் யோசித்தேன். அக்காதான் தடுத்தார்: "மணிக்கு ஒரு கல்யாணம் லிஸ்ட்ல வந்து நின்னா நான் யாருக்குப் ப்ரூஃப் போடறது தம்பி?"